ஞானஸ்நானத் தொட்டியில் புட்டு

கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வதைச் சுகிர்தன் பாஸ்டர் நிறுத்திய பிறகுதான் முரசுமோட்டைப் பரலோக ஆனந்த சபை வளரத் தொடங்கியது.

அதற்கு முன்னர் அவர் உப்பைப் பற்றிப் பேசாமல் எழும்பிய சாப்பாடு கிடையாது. கல்யாணத்துக்கு அடுத்த நாளே முதல் வாயை வைத்துவிட்டு, "கறி வடிவாய் இருக்கு ரூபி, உப்புத்தான் கொஞ்சம்..." என்று இழுத்த மனிதர். ஜெயரூபி ஒருமுறை கோபத்தில் உப்புப் போத்தலைக் கொண்டுவந்து சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் இடித்து வைத்தாள். மேலால் தூவுகிற உப்பு வேறு, கறியோடு கொதித்த உப்பு வேறு என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. பிரசங்கியைக் கட்டினால் சாப்பாட்டு மேசையிலும் பிரசங்கம்தான் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த மனிதர் அறுவடை முடிந்த கையோடு மௌனமானார். நாலு வாய் சாப்பிடுவார், கையைக் கழுவுவார். ஜெயரூபிக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு கல் உப்புக்கூடப் போடாமல் மீன்குழம்பு வைத்தாள். அவர் அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தார். அன்றைக்குத்தான் அவள் உப்புப் போத்தலை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

சபைக்கு இது வேறு விதமாகத் தெரிந்தது.

சபை மூப்பர் சிற்றம்பலம் எதற்கும் விளக்கம் வைத்திருப்பவர். நாற்பது வயதில் இரட்சிக்கப்பட்டு, பேரை மாற்றச் சொன்னபோது, காணி உறுதியெல்லாம் இந்தப் பேரில்தான் கிடக்கிறது, ஆண்டவருக்கு ஆள் விளங்கும் என்று மறுத்தவர். பாஸ்டர் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டதும், அது உபவாசம் என்று அவர் தீர்மானித்தார். பாஸ்டர் விடியப்புறம் வளவுக்குள் உலாத்துவதைக் கண்டவர்கள் வந்து சொன்னார்கள். அது முழு இரவு ஜெபம். தாடி வளர்ந்தது, பொருத்தனை. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. மேலிருந்து வருகிற சத்தத்துக்குக் காது கொடுக்கிறார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்க மேடையில் நின்றபடி, அடுத்த வசனம் வராமல், சுகிர்தன் பாஸ்டர் அழுதார். சபை முழுக்கச் சேர்ந்து அழுதது. அதற்குச் சிற்றம்பலம் வைத்த பேர் கண்ணீர் அபிஷேகம்.

அடுத்த கிழமை பரந்தனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதற்கடுத்த கிழமை ஒரு வான் நிறைய விசுவமடுச் சனம். கதிரை காணாமல் பாய் விரித்தார்கள். பாஸ்டர் மேடைக்கு வருவார், வாயைத் திறப்பார், அழுவார், இறங்குவார். இவ்வளவு சுருக்கமான பிரசங்கம் வன்னியில் எங்கேயும் இல்லை என்று பேர் பரவியது.

ஜெயரூபி சிற்றம்பலத்தைக் கூப்பிட்டு, அவருக்குச் சுகமில்லை அண்ணை என்று நேராகவே சொல்லிப் பார்த்தாள். ஊழியக்காரனுக்கு வருகிறதுக்குப் பேர் வருத்தமில்லை, ஆத்தும பாரம் என்று அவர் திருத்தினார். அவளும் விடவில்லை.

"அண்ணை, பழைய தீர்க்கதரிசி ஒருத்தர் சாவு வேணுமெண்டு கேட்டுப் போட்டு மரத்துக்குக் கீழ படுத்தவர் என்ன? தேவதூதன் வந்து அவரைத் தட்டி எழுப்பி என்ன செய்தவன்? பிரசங்கமா செய்தவன்? அடை சுட்டுக் குடுத்தவன். தண்ணியும் குடுத்தவன். பிறகு படுங்கோ எண்டு விட்டவன்."

"அது அந்தக் காலம் பாஸ்டரம்மா" என்றார் சிற்றம்பலம்.

சுகிர்தன் தானே செய்த பொறிக்குள் தானே அகப்பட்டிருந்தார் என்பதுதான் அவளுக்குப் பெரிய ஆத்திரம். இந்தச் சபையில் சாட்சி சொல்ல ஓர் ஒழுங்கு உண்டு. யார் எழும்பினாலும், "ஆண்டவருக்குள்ள நான் சந்தோஷமாய் இருக்கிறன்" என்றுதான் தொடங்க வேண்டும். பிறகு மாடு செத்ததையோ வயல் எரிந்ததையோ சொல்லலாம். முறைப்பாட்டுச் சங்கம் மாதிரி இருக்கக்கூடாது என்று, சபை தொடங்கிய காலத்தில் அவரே வைத்த சட்டம் அது. சிற்றம்பலத்தின் மனைவி கமலாசனி, கடைசிச் சண்டையில் மகன் நிருஷன் காணாமற்போன பிறகு சபைக்கு வந்தவர், வாரம் தவறாமல் எழும்பி அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு உட்காருவார். அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவருடைய சாட்சிதான் சுருக்கமும் தெளிவும் என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் பாஸ்டரையும் காணவில்லை, மோட்டார்சைக்கிளையும் காணவில்லை. பொழுதுபட வந்தார். இரணைமடுக் குளத்துக் கட்டின் மேல் இருந்தாராம்.

"அங்க என்ன செய்தனீங்கள்?"

"தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு, தூரத்தில் யாருக்கோ சொல்வது போல, "நான் இல்லாட்டிலும் சபை நடக்கும் என்ன ரூபி?" என்றார்.

ஜெயரூபி மோட்டார்சைக்கிள் பூட்டிலிருந்து திறப்பைக் கழற்றி, மா ரின்னுக்குள் மாவுக்கடியில் புதைத்தாள். அடுத்த நாள் காலை அவரைக் குளிக்க வார்த்து, சேட்டை மாட்டி, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏற்றினாள்.

கிளிநொச்சி கிட்டத்தான். ஆனால் அங்கே மனநலக் கிளினிக்குக்குப் போனால், அவர்கள் வீடு திரும்புவதற்கு முன்னர் செய்தி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும். சபைக்கு, முல்லைத்தீவில் ஊழியம் என்று சொல்லியாயிற்று. முல்லைத்தீவின் அழிந்துபோகும் ஆத்துமாக்களுக்காகச் சிற்றம்பலம் விசேஷ ஜெபம் ஒழுங்குபண்ணினார்.

டொக்டர் சின்னப் பிள்ளை போல இருந்தாள். எப்படி இருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டாள். சுகிர்தன், பழக்க தோஷத்தில், "ஆண்டவருக்குள்ள நான் சந்தோஷமாய் இருக்கிறன்" என்றார். டொக்டர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சுகிர்தன் அழத் தொடங்கினார். ஆமென் சொல்லாத ஒருவருக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. யாரும் ஆமென் சொல்லாதபடியால், அழுதுமுடித்த பிறகு பேச வேண்டியிருந்தது. நித்திரையைச் சொன்னார், பசியைச் சொன்னார், டொக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டபோது இரணைமடுத் தண்ணியையும் சொன்னார்.

இது மனச்சோர்வு நோய் என்று டொக்டர் சொன்னாள். சீனி வருத்தம், பிரஷர் போல இதுவும் ஒரு வருத்தம். குளிசை இருக்கிறது, வந்து கதைக்கவும் வேணும். சுகிர்தன் இது பாவத்தால் வருவதா என்று கேட்டார். அது தன் பாடமில்லை என்றாள் அவள், இரவில் எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்பதுதான் தனக்குத் தெரியவேணும். பிறகு ஜெயரூபியிடம் திரும்பி, அவரைத் தனிய விடவேண்டாம், குளிசை ஒருநாளும் தவறக்கூடாது, வெறும் வயிற்றில் குடிக்கவும் கூடாது, குணம் தெரியச் சில கிழமை செல்லும், இடையில் பயமாக இருந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

குணம் மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. முதலில் நித்திரை வந்தது. பிறகு ஒருநாள் பாஸ்டர் தானாகச் சவரம் செய்தார். பிரசங்க மேடையில் அழாமல் ஒரு முழுப் பந்தி பேசினார்.

சபை திடுக்கிட்டது. பாஸ்டரின் அபிஷேகம் வற்றுகிறது என்று பின்வரிசையில் குசுகுசுத்தார்கள். விசுவமடு வான் ஒரு கிழமை வரவில்லை. சிற்றம்பலம் வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

வவுனியாவிலிருந்து அப்போஸ்தலர் கலாநிதி ஜெயந்தன் வந்து இறங்கினார். குளிரூட்டிய வெள்ளை வான். அதன் நான்கு பக்கமும் அவருடைய படம். பின்பக்கத்தில் கையை உயர்த்தி ஆசீர்வதித்தபடியால், முந்திப்போகப் பார்க்கிறவர்கள் தங்களை நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து நிற்பார்கள். கலாநிதிப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால், பரலோகம் அங்கீகரித்தது என்பார். பரலோகத்தில் விசாரித்துப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை.

நிலைமையைக் கேட்டறிந்த அப்போஸ்தலர், மூன்று நாள் உபவாசக் கண்ணீர்ப் பெருவிழா என்று அறிவித்தார். மூன்றாம் நாள் பின்னேரம் சுகிர்தன் பாஸ்டர் மேடையேறுவார், அபிஷேகம் திரும்ப இறங்கும், வவுனியா தொடக்கம் முல்லைத்தீவு வரை நனையும். சந்தியில் பெரிய பனர் கட்டினார்கள். அதில் பாஸ்டர் அழுகிற படம். யாரோ மாசி மாதத்தில் கைத்தொலைபேசியில் எடுத்தது. ஜெயரூபி பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் அபிஷேகம் என்று பார்த்ததை அவள் அறிவாள். அது, அவர் குளிக்காமல் இருந்த ஐந்தாம் நாள்.

சுகிர்தனிடம் மாட்டேன் என்று சொல்லச் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லுகிற பலம் இன்னும் வரவில்லை என்றார் அவர். அது உண்மை. ஆனபடியால் அவள் மாற்று வழி பார்த்தாள்.

விழா தொடங்க முதலே சிற்றம்பலம் குசினியைப் பூட்டித் திறப்பைச் சேட்டுப் பொக்கற்றில் போட்டார். சோதனை எந்த வழியால் வருமென்று சொல்ல முடியாதாம். பாஸ்டர் வீட்டு விறாந்தை, அறை, கிணற்றடி எல்லா இடமும் வெளியூர்ச் சனம். பசியோடு இருக்கிறவர்களின் மூக்கு எப்படி வேலை செய்யுமென்று ஜெயரூபிக்குத் தெரியும்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நளீரின் சாமான்கடை. நளீரின் மனைவி சரீபாவிடம் போய், அவள் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். சரீபா சிரிக்கவுமில்லை, இரங்கவுமில்லை.

"எங்கட நோன்பில வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு தங்கச்சி" என்றாள். "உங்கட ஆக்கள் முதல்ல அவரை வருத்தக்காரர் எண்டு ஒத்துக்கொள்ள வேணும் போல. சரி, புட்டுக்கு இறாலா, முட்டைப்பொரியலா?"

இப்படியாக, மூன்று நாள் உபவாசப் பெருவிழாவில், வேதப்புத்தகம் வைக்கிற சிப் பூட்டிய பைக்குள், வாழையிலையில் சுற்றின புட்டும் இறால்கறியும் சபைக்குள் வந்தன. சாப்பிட ஒரே ஒரு மறைவிடம்தான் மிச்சம்: மேடைக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அங்கால் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி. கனடாவிலுள்ள ஒரு விசுவாசி கட்டுவித்தது. நீல மாபிள் ஒட்டி, படி வைத்து, நெஞ்சளவு ஆழத்தில் இருந்தது. ஆவணி வெயிலுக்குக் கிணறு இறங்கிக் கிடந்ததால் அதில் ஒரு சொட்டுத் தண்ணியில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தனி ஜெப வேளை. மண்டபத்தில் எல்லோரும் கண்ணை மூடிக் கிடந்தார்கள். சிலர் ஜெபத்தில், பலர் நித்திரையில். சுகிர்தன் தொட்டிக்குள் சப்பாணி கட்டி இருந்து புட்டைக் குழைத்தார். ஜெயரூபி பக்கத்தில் குளிசையும் தண்ணிப் போத்தலுமாகக் காவல் இருந்தாள்.

திரைச்சீலை அசைந்தது. வெள்ளைச் சப்பாத்து இரண்டு பின்பக்கமாகப் படியிறங்கி வந்தன. அவற்றுக்கு மேலால் அப்போஸ்தலர் கலாநிதி ஜெயந்தன். மண்டபத்தைக் கண்காணித்தபடியே வந்தவர், நடுப்படியில் குந்தினார். எண்ணெய் ஊறின கடதாசிப் பையைத் திறந்து ஒரு மிதிவெடியை எடுத்தார். முட்டையும் இறைச்சியும் அடைத்துப் பொரித்த அந்தப் பெரிய ரோல்ஸுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். ஒரு கடியிலேயே பாதியை முடித்து, ஆறுதலாக மூச்சு விட்டுக்கொண்டு திரும்பினார்.

சுகிர்தனின் கையிலிருந்த புட்டு வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

அப்போஸ்தலர்தான் முதலில் விழுங்கினார். தனக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலைசுற்றும் என்றார். சுகிர்தன் தலையாட்டினார். பிறகு அப்போஸ்தலரின் கண் குளிசை மட்டையில் விழுந்தது. என்ன குளிசை என்று கேட்டு, ஜெயரூபி சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த மிச்சத்தை மெதுவாகப் பையில் வைத்தார். குரல் மேடைக் குரலாக மாறியது, ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

"விசர்க் குளிசை குடிக்கிறவனையோ நான் மேடையேத்தப் போறன்? சனம் அறிஞ்சா இந்தச் சபையில ஒரு கதிரையும் மிஞ்சாது. நாளைக்குப் பின்னேரம் நீர் அழும். நல்லா அழும். குளிசையை நான் மறந்திடுறன்."

முன்னைய சுகிர்தன் தலைகுனிந்து ஓம் என்றிருப்பார். அவர் குளிசையை வாயில் போட்டு, தண்ணி குடித்து, போத்தலை மூடினார்.

"அழுகை வராது ஐயா" என்றார். "குளிசை வேலை செய்யுது. உங்கட மீசையில முட்டை ஒட்டியிருக்கு, துடைச்சுப் போட்டு ஏறுங்கோ."

மூன்றாம் நாள் பின்னேரம் விசுவமடு வானோடு இன்னும் மூன்று வான் வந்து நின்றன. ஓகன்காரப் பெடியன் சோக மெட்டை இழுத்துக்கொண்டிருந்தான். அப்போஸ்தலர் பெரிய அறிமுகம் ஒன்று கொடுத்து, தொட்டிப் பக்கம் பார்க்காமல் ஒதுங்கி நின்றார். சனம் கைலேஞ்சிகளை எடுத்து ஆயத்தமாக வைத்துக்கொண்டது. சுகிர்தன் பாஸ்டர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். ஜெயரூபி முன்வரிசையில் இருந்தாள்.

"ஆண்டவருக்குள்ள நான் சந்தோஷமாய் இருக்கிறன் எண்டு தொடங்க வேணும்" என்றார். "நான்தான் அந்த ஒழுங்கை வைச்சனான். இண்டைக்கு எனக்கு அப்பிடித் தொடங்கேலாது. எனக்கு வருத்தம். மனச்சோர்வு எண்டு பேர். முல்லைத்தீவுக்கு நான் போனது ஊழியத்துக்கில்லை, கிளினிக்குக்கு. குளிசை குடிக்கிறன். இஞ்ச எல்லாரும் உபவாசம் இருக்கேக்க நான் மூண்டு நாளும் புட்டுச் சாப்பிட்டனான்."

ஓகன் நின்றது. மண்டபத்தில் எங்கேயோ ஒரு குழந்தை கீச்சிட்டது. சிற்றம்பலம் எழும்பினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. காணி எல்லை பிழைத்துப்போனவரின் குழப்பம்தான் இருந்தது.

"அப்ப பாஸ்டர், மாசியில நீங்கள் இருந்தது உபவாசம் இல்லையோ?"

"இல்லை அண்ணை. பசிக்கேல்லை."

"விடியப்புறம் உலாத்தினது?"

"நித்திரை வரேல்லை."

"தாடி?"

"வழிக்க மனம் வரேல்லை அண்ணை."

அப்போஸ்தலர் ஒலிவாங்கியைப் பறித்து, எவ்வளவு தாழ்மை, எவ்வளவு தாழ்மை, தன்னைத்தானே நோயாளி என்று சொல்லுகிற தாழ்மை என்று தொடங்கினார். பாதிச் சனம் தங்களுக்குத் தெரிந்த பாதைக்குத் திரும்பிவிட்ட நிம்மதியோடு ஆமென் என்றது. ஜெயரூபிக்குப் பொறுக்கவில்லை. தொட்டியையும் மிதிவெடியையும் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் எழும்பினாள். அதற்குள் பெண்கள் பக்கத்தில் இன்னொருவர் எழும்பி நின்றார்.

கமலாசனி.

"நானும் சந்தோஷமாய் இல்லை" என்றார். வழக்கம்போலச் சுருக்கமாகவும் தெளிவாகவும்தான் சொன்னார். உட்காரப் போனவர், இந்த முறை இன்னும் ஒன்று இருந்தபடியால் திரும்ப நிமிர்ந்தார். "ஒருநாளும் இருக்கேல்லை. பாஸ்டர், அந்தக் கிளினிக் என்ன நாளில?"

"புதன்கிழமை அக்கா" என்றார் சுகிர்தன்.

அப்போஸ்தலருக்கு இதற்கு மேலால் பேச ஏதோ இருந்தது, ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் சிற்றம்பலத்தைப் பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மெலிந்த கையை, தளர்ந்து தொங்கின சட்டையை, இப்போதுதான் யாரோ விளக்குப் பிடித்துக் காட்டின மாதிரி. அவர் இடம்விட்டு நடந்து வந்து, பொக்கற்றிலிருந்து குசினித் திறப்பை எடுத்து ஜெயரூபியின் கையில் வைத்தார்.

"அடுப்பை மூட்டுங்கோ பாஸ்டரம்மா" என்றார். "இவ கனகாலமாய் வடிவாய்ச் சாப்பிடுறேல்லை. நான் அதையும் உபவாசம் எண்டு நினைச்சன்."

வெள்ளை வான் இருட்ட முதல் வவுனியாவுக்குப் புறப்பட்டது. அடுத்த ஞாயிறு விசுவமடுவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாய்களைச் சுருட்டி வைத்தார்கள், கதிரையே மிஞ்சியது. சந்திப் பனரை நளீர் கழற்றி, கடைக்குப் பின்னால் சீமெந்துப் பைகளுக்கு மேல் மூடினார். பாஸ்டர் அங்கேயும் அழுதுகொண்டுதான் இருக்கிறார், ஆனால் சீமெந்து நனையாமல் இருக்கிறது. சாட்சி நேரத்தில் தொடக்க வசனம் இப்போது கட்டாயமில்லை. அதனால் சாட்சிகள் நீண்டுபோய், ஆராதனை மத்தியானம் தாண்டுகிறது என்று சிற்றம்பலம் முறைப்பாடு சொல்கிறார். புதன்கிழமைகளில் முல்லைத்தீவு பஸ்ஸில் கமலாசனிக்கு இடம் பிடிக்கிறவரும் அவர்தான். பாஸ்டருக்கு இப்போதும் சில நாட்களில் விடிவதேயில்லை. அந்த நாட்களில் ஜெயரூபி மோட்டார்சைக்கிள் திறப்பை மா ரின்னுக்குள் திரும்பப் போடுகிறாள்.

ஆனால் அந்த மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். இருந்த சனத்துக்கெல்லாம் அவள் அவசரத்தில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்து இறக்கினாள். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாகப் புருஷனுக்குக் கோப்பையை வைத்தாள். அவர் குழைத்தார். ஒரு வாய் வைத்தார். நிறுத்தினார்.

"கறி வடிவாய் இருக்கு ரூபி" என்றார். "உப்புத்தான் கொஞ்சம்..."

ஜெயரூபி அகப்பையோடு அப்படியே நின்றாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை யாராவது கண்டு அபிஷேகம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் புகையைத் திட்டிக்கொண்டு திரும்பினாள்.

"அலுமாரிக்கு மேல போத்தில் கிடக்கு" என்றாள். "வேணுமெண்டா எழும்பிப் போய் எடுங்கோ."

அவர் எழும்பிப் போய் எடுத்தார்.